குரோம் பைப்பில் சந்தனம்

அந்த நாற்காலியில உக்காராதீங்க சார். அது அவ நாற்காலி. இப்படி வாங்க, என் ஸ்டூல்ல உக்காருங்க. இருபத்தாறு வருஷமா நான் இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருக்கேன், முதுகு ஒண்ணும் ஒடிஞ்சு போயிடல. அவ வந்த மூணாம் மாசம் அவளுக்கு சுத்துற நாற்காலி, மெத்தை வச்சது. என்னன்னு கேட்டா, தரக் கட்டுப்பாடாம். தரம் அந்த நாற்காலியிலேர்ந்துதான் வருது போல.

நீங்க பைப் வாங்குற பார்ட்டி அனுப்பி மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கீங்க. விரிசல் ஏன் வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு எழுதிட்டுப் போகணும். தாராளமா எழுதுங்க. ஆனா என்னைக் கேட்டுட்டு எழுதுங்க. வந்தவங்க எல்லாரும் நேரா அவகிட்டதான் போறாங்க. காலையில நீங்களும் அங்கதான் போனீங்க, பார்த்தேன். ஒரு மணி நேரம் பேசினீங்க. அவ பேசினா உங்களுக்குக் கேட்டுச்சா? எனக்கு இந்தக் கிரைண்டர் சத்தத்துல அவ பேசுறது என்னிக்குமே கேட்டதில்ல. வாய் அசையும், அவ்வளவுதான்.

என் பேரு வையாபுரி. ஃபோர்மேன். துவாக்குடியில எந்த ஷெட்டுல வேணும்னாலும் போய் எஸ்.எஸ். வையாபுரின்னு கேளுங்க, வழி காட்டுவாங்க. பால் பண்ணை டேங்க், சர்க்கரை ஆலை டேங்க், மருந்துக் கம்பெனி பைப், எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எல்லாம் நம்ம கை. ஸ்டெயின்லெஸ் என்ன கேக்கும் தெரியுமா? குளிர்ச்சி கேக்கும். ஒரு சுத்து வெல்டு போட்டா ஈரச் சாக்கை மேல போடணும். கை வச்சுத் தொடுற அளவுக்கு ஆறணும். அப்புறம்தான் அடுத்த சுத்து. அவசரப்பட்டா கோணிக்கும், நெளிஞ்சுக்கும். 'ஆற விட்டு அடி.' இந்த ஷெட்டுல ராடு பிடிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் நான் சொல்லிக் குடுத்த முதல் பாடம் அதுதான். இன்னாசிக்கும் நான்தான் சொன்னேன்.

இன்னாசி யாரா? அவன்தான் சார் வெல்டர், இந்த ஜாயின்ட்டைப் போட்டவன். பக்கத்துலயே அவன் நம்பர் குத்தியிருக்கு பாருங்க, பதினேழு. அந்த நம்பரால இப்ப அவன் கார்டைப் பிடுங்கி வச்சிருக்காங்க. இன்னின்ன பைப்பை ஒட்டத் தேறினவன்னு குடுக்கிற அட்டை அது. அது இல்லாட்டி எந்தக் கம்பெனியும் வாசல்ல நிறுத்திடும். அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி அபுதாபிக்கு ஃப்ளைட்டு அவனுக்கு. கார்டு இல்லாம அங்க போய் என்ன பண்ணுவான், ஒட்டகம் மேய்ப்பானா? எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா யாராவது ஒருத்தன் பதில் சொல்லித்தானே ஆகணும். நம்பர் அவன் நம்பர்.

இருங்க, முறையா சொல்றேன்.

இந்த வேலை வந்தது புரட்டாசி மாசம். மின் நிலையத்துக்குப் போற பைப். ஒரு பக்கம் ஸ்டெயின்லெஸ், இன்னொரு பக்கம் குரோம் கலந்த இரும்பு. ரெண்டையும் சேர்க்கணும். நாலு விரக்கடை கனம். வந்த அன்னிக்கே அவ பைப்பைச் சுத்திச் சுத்தி வந்தா, என்னமோ பொண்ணு பார்க்க வந்தவ மாதிரி. பேரு பூங்கோதை. காலேஜ்ல உலோகம் படிச்சிருக்கா. படிச்சதை என்கிட்ட வந்து ஒப்பிக்கிறா:

"ஃபோர்மேன் சார், இது ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. ஸ்டெயின்லெஸ் பக்கம் அதிகச் சூடு ஆகாது. குரோம் பக்கம் திடீர்க் குளிர்ச்சி ஆகாது."

"ஏம்மா, மாமியார் மருமகளா?" அப்படின்னேன்.

ஷெட்டே சிரிச்சுச்சு. அவ சிரிக்கல. அதுதான் சார் எனக்குப் பிடிக்கல. பெரியவன் ஒருத்தன் சொன்னா ஒரு மரியாதைக்காவது சிரிக்கணும். அவ நோட்டைத் திறந்து என்னமோ எழுதிக்கிட்டா. எப்பவும் எழுதிக்கிட்டே இருப்பா. நான் தும்மினா கூட எழுதுவா.

அப்புறம் ஒரு யோசனை சொன்னா. குரோம் பக்கத்து விளிம்புல முதல்ல நிக்கல் ராடால ஒரு பூச்சு ஏத்தணுமாம். அதை அடுப்புல வச்சு எடுத்துட்டு, அப்புறம் ஸ்டெயின்லெஸ்ஸோட சேர்த்தா பயமே இல்லையாம். அதுக்குப் பேரு பட்டரிங்காம். "வெண்ணெயா? ரொட்டி எங்கம்மா?"ன்னேன். அன்னிக்கிலேர்ந்து ஷெட்டுல அவளுக்கு வெண்ணெய் மேடம்னு பேரு. வச்சது நான்தான். இதுல மறைக்க என்ன இருக்கு?

எத்தனை நாள் ஆகும்னு கேட்டேன். மூணு நாள் கூட ஆகும்னா. ஆகவே ஆகாதுன்னுட்டேன். ஆயுத பூஜை வருது சார். ஷெட்டோட பெரிய உருப்படி பூஜையில இருக்கணும். முதலாளியும் நான் சொன்னதுக்குத்தான் தலையாட்டினார். நேராவே சேர்த்துடுங்கன்னுட்டார்.

"அப்படின்னா சூட்டோடயேதான் போடணும் சார்"ன்னா. "குரோம் பக்கம் இருநூறு டிகிரிக்குக் கீழ இறங்கவே கூடாது. ஆரம்பிச்சா முடியிற வரைக்கும் பர்னர் எரியணும். முடிச்சதும் போர்வை சுத்தி மெதுவா இறக்கணும்."

சரி எரியட்டும்னு விட்டேன். சேர்க்கிறதுக்கும் அவ கேட்ட நிக்கல் ராடையே குடுத்தேன். பைப்பைச் சுத்தி வளையமா பர்னர் கட்டினாங்க. அத்தோட விட்டாளா? சாக்பீஸ் எடுத்து பைப் மேலயே கொட்டை எழுத்துல எழுதினா: ஆறக் கூடாது. அழகான கையெழுத்து, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா நான் இருபத்தாறு வருஷமா 'ஆற விடு, ஆற விடு'ன்னு சொல்லிக் குடுத்த ஷெட்டு இது. அங்க வந்து ஆறக் கூடாதுன்னு எழுதினா அது யாருக்கு எழுதினது? பைப்புக்கா? பைப் படிக்குமா? எனக்கு சார். என் மூஞ்சிக்கு எழுதினது.

புதன், வியாழன் லீவு. அதனால செவ்வாய்க்கிழமையே நாங்க பூஜை போட்டுடுவோம். இந்த ஷெட்டு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பூஜை நான்தான். முதலாளி வெறும் தட்டு பிடிப்பார். வாசல்ல வாழைக்கன்னு, மெஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, பொரி, கடலை, சுண்டல், கடைசியா பூசணிக்காய் உடைக்கிறது. ஒரு குறை சொல்ல முடியாது. காலையிலேர்ந்து இன்னாசி ஜாயின்ட் போட்டுக்கிட்டிருந்தான். பாதி கனம் ஏறியிருந்துச்சு. அவ பக்கத்துலயே நிக்கிறா. கையில ஒரு கலர் சாக்பீஸ். பைப்புல தீட்டினா உருகும், உருகினா சூடு சரியா இருக்குன்னு அர்த்தமாம். கால் மணிக்கு ஒரு தரம் தீட்டுறா. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"ரெண்டு மணிக்குப் பூஜை. பர்னரை அணைக்கணும்"னேன்.

"வேண்டாம் சார். பூஜை நேரத்துலயும் அது பாட்டுக்கு எரியட்டும். பொட்டை வேணும்னா ஸ்டாண்டுல வச்சுக்கலாமே."

ஸ்டாண்டுக்கா? கல்யாணத்துல மாப்பிள்ளையை விட்டுட்டு மணையில மாலை போடுறதா? இதை அவகிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. நேரா முதலாளிகிட்ட போனேன். ஸ்வீட் வாங்க கார் டவுனுக்குப் போகுது, அந்தப் பொண்ணையும் அனுப்புங்க, பொம்பளைப் புள்ளை, நல்லதா பார்த்து வாங்கும்னேன். முதலாளி சொன்னா மீற முடியுமா? போனா. போறப்ப இன்னாசிகிட்ட போய் ஏதோ சொன்னா. பர்னரைக் கை காட்டினா. வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

இப்பதான் சார் கவனமா கேக்கணும். எழுதிக்கிறீங்கல்ல?

குளிச்சு, வேட்டி மாத்திட்டு வந்து, சந்தனத்தைக் குழைச்சு பைப்புல வச்சேன். சொய்ங்குது. காஞ்சு, சுருண்டு, பொட்டுன்னு கீழ விழுது. மறுபடி வச்சேன். மறுபடி விழுது. மேல வச்ச குங்குமம் கருகிப் போச்சு. கறுப்பா, என் கண்ணு முன்னாடி. குங்குமம் கருகினா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மணி ரெண்டேகால். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ராகு காலம். நாப்பது பேரு கை கட்டி நிக்கிறாங்க, முதலாளி சம்சாரம் மாலையோட நிக்கிறாங்க. நான் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க. பர்னரை அணைச்சேன்.

அணைச்சாலும் ஆற மாட்டேங்குது. அவ்வளவு கனம். அப்பதான் நமக்குத் தெரிஞ்ச வித்தையைக் கையில எடுத்தேன். சாக்கைத் தண்ணியில நனைச்சேன்.

இன்னாசி குறுக்க வந்தான். "அண்ணே வேண்டாம்ணே. இது குரோம்ணே."

அவன் கோயிலுக்குப் போறவன் இல்ல, சர்ச்சுக்குப் போறவன். சரி, அதான் பேசுறான்னு நினைச்சேன். "உனக்கு வேற சாமி. நீ எட்டி நில்லு"ன்னேன்.

"சாமிக்காகச் சொல்லலண்ணே. பைப்புக்காகச் சொல்றேன்."

எப்படிப் பேச்சு பாருங்க. அவ சொல்லிக் குடுத்த பேச்சு. "ராடு பிடிக்கச் சொல்லிக் குடுத்தது யாருடா?"ன்னேன். ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டு ஓரமா போய் நின்னான்.

என் கையால நான் சாக்கைப் போட்டேன். புஸ்ஸுன்னு ஆவி. சாம்பிராணி போட்ட மாதிரி ஷெட்டு முழுக்க. மூணு தரம் நனைச்சுப் போட்டேன். மூணாவது தரம் சாக்கை எடுக்கறப்ப, டிக்குன்னு ஒரு சத்தம். பல்லி சார். நாப்பது பேரும் கேட்டாங்க. நல்ல காரியத்துல பல்லி சொன்னா அதுக்கு மேல என்ன வேணும்? விரலை மடக்கித் தரையில மூணு தரம் தட்டிக்கிட்டேன். எல்லாரும் கூரையைப் பார்த்தாங்க. இன்னாசி மட்டும் பைப்பைப் பார்த்தான். பக்தி இல்லாதவன் அப்படித்தான்.

அப்புறம் சந்தனம் நின்னுச்சு. குங்குமம் சிவப்பா, பார்க்கப் பார்க்க அழகு. மாலை போட்டோம். கற்பூரம் காட்டினேன். மூணு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப பூசணிக்காயை உடைச்சேன். ஒரே போடு.

ஸ்வீட்டோட அவ வந்தா. பெட்டியை அப்படியே மேஜை மேல வச்சுட்டு, கால்ல ஷூவோட, ஷூவோட சார், நேரா பைப்புகிட்ட போனா. மாலையை விலக்கினா. வெறும் கையை வச்சா. வச்ச கையை எடுக்கவே இல்ல. யாரோ செத்துப் போன மாதிரி நிக்கிறா. பொட்டு வச்ச இடத்துல, பூஜை முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம்.

"யார் சார் பர்னரை அணைச்சது?"

கேள்வி கேக்கிற தோரணையைப் பாருங்க. நான் ஏன் பதில் சொல்லணும்? "சாமி அணைச்சுச்சு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ இன்னாசியைப் பார்த்தா. அவன் தரையைப் பார்த்தான். மறுபடி பர்னரைப் பத்த வைக்கலாம்னு வந்தா. பூஜையில வச்ச ஆயுதத்தை அன்னிக்கே எடுக்கிறதா? இந்த ஷெட்டுல அது நடக்காதுன்னேன். கடைசியில கண்ணாடிப் பஞ்சுப் போர்வையைத் தனியா இழுத்துட்டு வந்து பைப்பைச் சுத்தினா. ஆறிப் போன பைப்புக்குப் போர்வை! கை பூரா அரிப்பு வந்திருக்கும். எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே வேடிக்கை பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை வேலை ஆரம்பிக்கறப்பவாவது சும்மா இருந்தாளா? "மேல வெல்டு ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தரம் மை போட்டுப் பார்த்துடலாம் சார்"ன்னா. சிவப்பு மையைத் தடவித் துடைச்சு, மேல வெள்ளையைத் தெளிச்சா, விரிசல் இருந்தா சிவப்பா கோடு எழும்பும். தெரியும், எனக்குத் தெரியாததா? ஆனா பூஜை போட்ட கையோடயே சந்தேகப்பட்டுச் சோதிக்கிறதா? அபசகுனம் இல்லையா? "ஆரம்பிடா இன்னாசி"ன்னேன். பர்னரைப் பத்த வச்சு மீதியை முடிச்சான். நல்ல வேலை, கண்ணாடி மாதிரி.

திங்கக்கிழமை மை போட்டாங்க. ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு.

எங்க தெரியுமா? மேல் பக்கம். குரோம் பக்கத்துல, வெல்டை ஒட்டினாப்புல. கீழ் பக்கம் ஒண்ணும் இல்ல. அவ கை வச்ச அதே இடம் சார்! நான் சும்மா சொல்லல, நீங்களே போய் அளந்து பாருங்க. சாக்கு கிடந்த இடம்னு அவ சொல்றா. சாக்கு என்ன சார் பண்ணும்? அதே சாக்குதான் ரெண்டு பக்கமும் கிடந்துச்சு. ஸ்டெயின்லெஸ் பக்கம் ஒரு கீறல் உண்டா? கிடையாது. சாக்கு தப்புன்னா ரெண்டு பக்கமும்தானே வெடிக்கணும்? இந்தக் கேள்வியை அவகிட்டயே கேட்டேன். வாய் அசைஞ்சுச்சு, எனக்குக் கேக்கல.

என்னைக் கேட்டா, ஒண்ணு அவ கேட்டு வாங்கின நிக்கல் ராடு தப்பு. இல்லாட்டி இன்னாசி மனசு சரியில்லாம கை நடுங்கியிருக்கணும். பேசின பேச்சுக்கு நடுங்காம என்ன செய்யும்? அப்படியே எழுதிக்குங்க.

என்ன சார்? புரியல, இன்னொரு தரம் சொல்லுங்க.

முதலாளி சொன்னாரா? உங்ககிட்டயா? எப்ப?

இன்னாசி ஆத்தினான்னா சொன்னாரு? பர்னரை அணைச்சதும் சாக்கு போட்டதும் இன்னாசின்னா? எங்க காட்டுங்க. கண்ணாடி இல்ல, நீங்களே படிங்க. 'பூஜை சமயத்தில் வெல்டர் இன்னாசி பர்னரை அணைத்து, ஈரச் சாக்கிட்டு, பூஜைக்குப் பைப்பைத் தயார் செய்ததாக நிறுவன உரிமையாளர் தெரிவித்தார்.' இன்னாசி! தயார் செஞ்சான்! சர்ச்சுக்குப் போறவன் எங்க பூஜைக்குத் தயார் செஞ்சானா?

அப்ப நான் எங்க போனேன்? இருபத்தாறு பூஜை. மழையில போட்டிருக்கேன். எங்கப்பா செத்த பதினேழாம் நாள், தீட்டு கழிஞ்ச கையோட வந்து போட்டிருக்கேன். தட்டு பிடிக்கிற மனுஷன், சந்தனம் குழைச்சது யாருன்னு மறந்துட்டாரா? என்னைக் காப்பாத்தச் சொல்லியிருப்பாருன்னா சொல்றீங்க? எதுலேர்ந்து காப்பாத்துறது? நான் என்ன திருடினேனா?

அங்க யாரு, கதவுகிட்ட? இவதானா. எவ்வளவு நேரமா நிக்கிற? உள்ள வா. வந்து கேளு. அந்த நோட்டோடயே வா.

என்ன முணுமுணுக்கிற? சத்தமா சொல்லு.

கேட்டீங்களா சார்? "முதலாளிதான் நீங்க இல்லைன்னு சொல்லிட்டாரே ஃபோர்மேன் சார், அப்படியே விட்டுடுங்களேன். இன்னாசி அண்ணனே செஞ்சதா இருக்கட்டும்"ங்கிறா. இருக்கட்டுமாம்! இவ ரொம்பப் பெரிய மனசு பண்ணி என் பூஜையைத் தூக்கி இன்னாசிக்குக் குடுக்கிறா. இன்னிக்குத்தான் இவ பேச்சு எனக்கு ஒரு எழுத்து விடாம கேட்டிருக்கு.

சாட்சி வேணுமா? நாப்பது பேரு சாட்சி. முதலாளி சம்சாரம் சாட்சி. போட்டோ இருக்கு, என் ஃபோன்லயே இருக்கு. பாருங்க, இது யாரு? வேட்டி கட்டிக்கிட்டுச் சாக்கைப் பிழியிறது யாரு? இன்னாசி எங்கயாவது தெரியிறானா? இதோ, இந்த ஓரத்துல, கை கட்டிக்கிட்டு. அவன் சாக்கைத் தொடவே இல்ல சார். தொட நான் விடல. நீ ஏம்மா போட்டோவை அப்படி உத்துப் பார்க்கிற? வேணும்னா உன் ஃபோனுக்கும் அனுப்பட்டுமா? நல்லா பெருசாக்கிப் பாரு.

எழுதினா என்ன ஆகும்னு தெரியுமான்னு என்னைக் கேக்கிறீங்களா? தெரியும் சார். செஞ்சவன் பேரு இருக்கும். அதுதான் வேணும். பேனாவைக் கீழ வைக்காதீங்க. முதல்ல இன்னாசிங்கிறதை அடிங்க. ஒரு கோடு போதாது, குறுக்க நல்லா அடிங்க, ஒரு எழுத்து கூடத் தெரியக் கூடாது. ம். இப்ப அதுக்கு மேல எழுதுங்க: வையாபுரி.